இரண்டு மணித்தியாலத் தூரம்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் ஒஸ்லோவில் பலருக்கு ஆள் பிடிபடாது. ‘ரெண்டு மணித்தியாலம்’ என்றால் பிடிபடும். நகரின் புறத்தேயுள்ள அம்மருட்டின் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே அவர் வேலைப் பையைத் தோளில் கொழுவிக்கொண்டு வருவதைக் கண்டால், “அந்தா, ரெண்டு மணித்தியாலம் வருது” என்று சொல்லுவார்கள். அது அவருக்கும் தெரியும். கோபிக்கமாட்டார். “ரெண்டு மணித்தியாலமும் பத்து நிமிசமும். சொல்லுறதைச் சரியாச் சொல்லுங்கோவன்” என்று திருத்திவிட்டுப் போவார்.

ஒஸ்லோவிலிருந்து லண்டனுக்கு விமானம் எடுக்கும் நேரம் அது. எந்தக் கதையைத் தொடங்கினாலும் அவர் அதை லண்டனில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். பஸ் பிந்தினால், “இந்நேரம் லண்டனுக்குப் பாதி வழி போயிருக்கலாம்.” டொக்டரிடம் காத்திருக்க நேர்ந்தால், “இதுக்குள்ளை நான் லண்டன் போய்ச் சேர்ந்து தேத்தண்ணியும் குடிச்சிருப்பன்.” ஒருமுறை கோழிக்கறி வேக நேரம் எடுத்தது. “உயிரோடை விட்டிருந்தால் இந்தக் கோழி லண்டனுக்கே பறந்திருக்கும்” என்றார். பாரிஸ், சூரிச், கோப்பன்ஹேகன் என்று மற்ற ஊர்களின் நேரமும் கேட்டால் சொல்லுவார். ஆனால் அவற்றைச் சொல்லும்போது குரலில் உயிர் இராது.

லண்டனில் அவருடைய அம்மா இருந்தார். அங்கே போக இவருக்கு வழியில்லை. விசயம் அவ்வளவுதான்.

நான் நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபிறகு எந்த இடத்திலும் நான் நிலைத்து நின்றதில்லை. மீன் தொழிற்சாலையில்தான் கூடக் காலம் நின்றேன். ஒருநாள் விரல்கள் விறைத்தது விறைத்தபடி இருக்க, கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெளிக்கிட்டுவிட்டேன். ஒஸ்லோவில் வாடகைக்கு அறை தேடியபோது யாரோ அவருடைய விலாசத்தைத் தந்தார்கள். கதவைத் திறந்தவர், என் பையைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது வாடகையைப் பற்றியல்ல.

“எங்கையிருந்து வாறாய் தம்பி?”

“பாட்ஸ்பியோர்ட், அண்ணை.”

“எவ்வளவு நேரம் எடுத்தது?”

“இடையிலை பிளேன் மாறவேணும். பனி கொட்டி ஒரு நாள் முழுக்க வழியிலை நிண்டனான்.”

அவர் சிரித்தார். “அப்ப உனக்கு லண்டன்தான் கிட்ட. பாட்ஸ்பியோர்ட் வெளிநாடு. உள்ளுக்கை வா.”

அவர் சொன்னது பகிடி என்றாலும் உண்மை. ஒரே நாட்டுக்குள் நான் வந்த தூரம், ஒஸ்லோவிலிருந்து லண்டனுக்குப் போகும் தூரத்தைவிட அதிகம். அவர் அதை வரைபடத்தில் நூல் வைத்து அளந்தே காட்டினார். சுவரில் அவர் ஒட்டியிருந்தது அந்த ஒரு படம்தான்.

எனக்கு வேலை எடுத்துத் தந்ததும் அவர்தான். அவர் விமான நிலையத்தில் விமானங்களைத் துப்புரவு செய்துகொண்டிருந்தார். பயணிகள் இறங்கி, அடுத்த பயணிகள் ஏறுவதற்கு இடையில் கிடைக்கும் கொஞ்ச நேரத்துக்குள் நாங்கள் உள்ளே ஓடவேண்டும். இருக்கைப் பைகளில் கிடக்கும் குப்பையை எடுத்து, மேசைத் தட்டுகளைத் துடைத்து, தூசு உறிஞ்சி, கடைசியாக ஒவ்வொரு இருக்கையிலும் இடுப்புப் பட்டியின் இரு பாதிகளையும் குறுக்காக மடித்து வைக்கவேண்டும். அப்படிக் குறுக்காகக் கிடந்தால் அந்த இருக்கை முடிந்தது என்று அர்த்தம். அவருக்கு அது கை தன்பாட்டில் செய்யும் வேலையாகிவிட்டது. வீட்டில் நாற்காலியில் துவாய் கிடந்தாலும் குறுக்காக மடித்து வைத்துவிட்டுத்தான் நகருவார்.

லண்டன் விமானம் வந்தால் அவர் முன்னுக்கு நிற்பார். உள்ளே ஏறியதும் ஒருமுறை மூச்சை இழுப்பார். “இந்தக் காத்து லண்டனிலை கதவு பூட்டேக்கை உள்ளுக்கை வந்தது” என்பார். அது அப்படியில்லை, பறக்கும்போது காற்று மாறும் என்று யாரோ சொன்னபோது, “அப்ப சீற்றிலை கிடக்கிற சூடு?” என்று கேட்டார். இருக்கையின் தலைத்துணியில் விபூதி ஒட்டியிருந்தால் எனக்குக் கூப்பிட்டுக் காட்டுவார்.

“பார், கோயிலுக்குப் போட்டு நேரை ஏறின ஆள். அம்மாவும் அந்தக் கோயிலுக்குத்தான் போறவ.”

“லண்டனிலை எத்தினை கோயில் அண்ணை.”

“இருக்கட்டுமன். இது அந்தக் கோயில்தான்.”

ஒருநாள் வேலை முடிந்தும் அவர் ஜன்னலோர இருக்கை ஒன்றில் உட்கார்ந்து, பட்டியைப் பூட்டிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் மேற்பார்வையாளராக இருந்த நோர்வேப் பெண் கதவடியில் நின்று, முடிந்ததா என்று கேட்டாள். அவர் முடிந்தது என்றார். பிறகும் எழும்பவில்லை. நான்தான் கிட்டப் போனேன்.

“இந்தப் பிளேன் இப்ப திரும்பிப் போகுது தம்பி. நான் இறங்காமல் இருந்தால் மத்தியானச் சோறு அம்மாவோடை.”

“இறங்காமல் இருந்தால் பொலிஸ் வந்து பிடிக்கும் அண்ணை.”

“ஓம். அதுதான் இறங்கிறன்” என்று பட்டியைக் கழற்றி, குறுக்காக மடித்து வைத்துவிட்டு எழும்பினார்.

அவருக்கு நோர்வே தந்திருந்தது அகதிகளுக்கான பயணப் பத்திரம். அதை வைத்துப் பாரிசுக்குப் போகலாம், ஜெர்மனிக்குப் போகலாம். லண்டனுக்கு மட்டும் தனி விசா வேண்டும். விண்ணப்பித்தார். மறுத்தார்கள். அடுத்த முறை வங்கிக் கணக்கு, வேலைக் கடிதம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் சேர்த்து விண்ணப்பித்தார். மறுத்தார்கள். தனி ஆள், மனைவி பிள்ளைகள் இல்லை, தாயும் தமக்கையும் அங்கே இருக்கிறார்கள், போனால் திரும்பி வருவார் என்று நம்ப இடமில்லை என்று காரணம் சொன்னார்கள். அம்மாவுக்கும் இங்கே வர வழியில்லை. ஊரில் பாதை திறந்து சமாதானம் என்று கதைத்த காலத்தில் தமக்கை அம்மாவை லண்டனுக்கு எடுத்திருந்தார். விசா நீடிப்புக்காக அங்கே கொடுத்த அம்மாவின் பாஸ்போட் வருடக்கணக்காகத் திரும்பி வரவில்லை.

இதை நாங்கள் விளங்கிக்கொள்வோம். அந்த அம்மாவுக்கு விளங்கவைக்க முடியவில்லை.

மகன் நாட்டைவிட்டு வெளிக்கிட்டுக் கொழும்பில் நின்றபோது, அவரை ஒருமுறை பார்ப்பதற்காகக் கிளாலிக் கடலை இருட்டில் வள்ளத்தில் தாண்டி, வவுனியாவில் ஆமி தரும் பயண அனுமதிப் பாஸுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்று வந்து சேர்ந்தவர் அந்த அம்மா. பிறகு மகன் ரஷ்யாவிலும் உக்ரேனிலும் கிடந்து, எப்படியோ நோர்வேக்கு வந்தார். லண்டனுக்கு வந்த அன்று அம்மா முதன்முதலாகத் தொலைபேசியில் கேட்டது, “நீ எவ்வளவு தூரத்திலை மோனை இருக்கிறாய்?” என்றுதான். இவர் சந்தோசத்தில், “கிட்டத்தான் அம்மா. ரெண்டு மணித்தியாலம்” என்று சொல்லிவிட்டார். தாய்க்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்ன வார்த்தை. ஒவ்வொரு ஞாயிறும் அதே வார்த்தை அவரிடமே திரும்பி வந்தது.

அறைச் சுவர் மெல்லியது. அவர் தொலைபேசி அட்டையைச் சுரண்டி இலக்கம் அழுத்துவது முதல் எல்லாம் எனக்குக் கேட்கும். அம்மா சத்தமாகக் கதைப்பவர். அவர் பேசுவதும் கேட்கும்.

“வழியிலை ஆமி நிக்கிறாங்களோ மோனை?”

“இல்லையம்மா.”

“வள்ளத்துக்குப் பாத்துக்கொண்டு நிக்கவேணுமோ?”

“இல்லை. பிளேன். மேலாலை வரும்.”

“எவ்வளவு நேரம் எண்டனீ?”

“ரெண்டு மணித்தியாலம்.”

“பிறகேன் மோனை வரேல்லை?”

“விசா தருகினமில்லை அம்மா. பாஸ் மாதிரி.”

“எனக்குத் தந்தவை. பாசையும் தெரியாத கிழவிக்குத் தந்தவை. உழைக்கிற உனக்கு ஏன் தராயினம்? நீ வடிவாக் கேக்கேல்லை.”

அட்டையில் காசு முடிந்துவிட்டது என்று இவர் பொய் சொல்லிப் போனை வைத்துவிடுவார். ஒருநாள் அப்படி வைத்துவிட்டு வெளியே வந்தவர், குசினியில் நின்ற என்னிடம் சொன்னார்: “நான் திரும்பி வரமாட்டன் எண்டு வெள்ளைக்காரன் நம்புறான். நான் போகமாட்டன் எண்டு அம்மா நம்புறா. ரெண்டு பேருக்கும் என்னைப் பற்றி நல்லாத் தெரிஞ்சிருக்கு.”

பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியிருந்த ஒரு அக்கா எங்களைப் பிறந்தநாள் சாப்பாடுகளுக்குக் கூப்பிடுவார். நோர்வேப் பாஸ்போட் உள்ளவர். சீலை எடுக்க, நகை மாற்ற, கோயில் திருவிழா பார்க்க என்று லண்டனுக்குப் போய்வந்துகொண்டிருப்பார். அன்று சோற்றுக் கோப்பையோடு இருந்த இவரைச் சுற்றி நாலு பேர் நின்று, “அண்ணை, லண்டன் எவ்வளவு நேரம்?” என்று கிண்டிக்கொண்டிருந்தார்கள். இவரும் சிரித்துக்கொண்டு வழமையான பதிலைச் சொன்னார். அப்போது அந்த அக்கா கறி போட வந்தார்.

“உங்கடை அம்மாவைப் போன சனிக்கிழமை கோயிலிலை கண்டனான்.”

அவர் கையிலிருந்த கவளத்தைக் கோப்பையில் வைத்துவிட்டார். “எப்பிடி இருக்கிறா?”

“நல்லா இருக்கிறா. என்னை எங்கையிருந்து எண்டு கேட்டா. ஒஸ்லோ எண்டன். எப்ப வந்தனீ எண்டா. இண்டைக்குக் காலமை எண்டன். பிறகு கதைக்கேல்லை. திரும்பிச் சாமியைப் பாத்துக்கொண்டு நிண்டா.”

அக்கா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். இன்னும் ஒரு துண்டு மீன் வைத்துவிட்டுப் போனார். இவர் அன்று வீடு திரும்பும் வழியில், பஸ்ஸில், லண்டனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அந்தத் தை மாதம் நான் லண்டனுக்குப் போக நேர்ந்தது. என்னிடம் நோர்வேப் பாஸ்போட் இருந்தது. தெரிந்தவர் ஒருவர் பெற்றோல் நிலையத்தில் வேலை இருக்கிறது என்றிருந்தார். கடல் மீனில் சினை பிடித்திருக்கும் காலம் அது. அம்மாவுக்கு மீன்சினைப் பொரியல் என்றால் உயிர். இவர் வாங்கி, உறைய வைத்து, பேப்பரில் சுற்றி, அதன்மேல் பொலித்தீன், அதன்மேல் ஒரு பழைய கம்பளிச் சட்டை என்று சுற்றி என் பைக்குள் திணித்தார்.

“உருகிப்போனால் அண்ணை?”

“ரெண்டு மணித்தியாலத்திலை என்னத்தை உருகிறது?”

அவர் சொன்னது சரி. தமக்கை வீட்டில் அம்மா அதைப் பிரித்தபோது கல்லுப்போல இருந்தது. அம்மா சின்ன உருவம். இரண்டு கையாலும் அந்த உறைந்த கட்டியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். விரல் சிவந்தது. வைக்கவில்லை.

“ஐஸும் உருகேல்லை” என்றார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மேசையில் எங்களுக்குச் சாப்பாடு போட்டபிறகு, இன்னொரு கோப்பையில் சோறும் கறியும் போட்டு, வேறொரு கோப்பையால் மூடி ஓரமாக வைத்தார். யாருக்கு என்று நான் தமக்கையைப் பார்த்தேன். ஒவ்வொரு ஞாயிறும் வைப்பதாம். “ரெண்டு மணித்தியாலத்திலை வாறவன், சொல்லாமலும் வருவான்” என்பாராம். பின்னேரம் அதை யாரும் தொடாமல் அவரே இரவுச் சாப்பாடாகச் சாப்பிடுவாராம்.

நான் வெளிக்கிடும்போது அம்மா வாசல்வரை வந்தார். “தம்பி, அவனுக்கு என்னிலை என்ன கோவம்?”

“கோவம் ஒண்டுமில்லை அம்மா. விசாதான்.”

“மீன்சினை வருது. அதைக் கொண்டுவந்த நீ வாறாய். கோயிலுக்கு ஆக்கள் வருகினம். அவனுக்கு மட்டும் என்ன?” அழவில்லை. உண்மையாகவே கேட்டார். “சின்னனிலை நான் அடிச்சிருப்பன். அதுக்கோ?”

பெற்றோல் நிலைய வேலை சரிவரவில்லை. ஒஸ்லோவுக்குத் திரும்பினேன். அவர் கேட்டதற்கெல்லாம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஐஸ் உருகாததையும் மூடிவைத்த கோப்பையையும் சொன்னேன். அம்மா அடியைப் பற்றிக் கேட்டதைச் சொன்னபோது, “எப்ப அடிச்சவ? எனக்கு ஞாபகமே இல்லையே” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு வரைபடத்துக்கு முன்னால் போய் நின்றார். அடுத்த ஞாயிறு அட்டையைச் சுரண்டுமுன் என் அறைக்கு வந்தார்.

“தம்பி, அவுஸ்திரேலியாவுக்குப் பிளேன் எவ்வளவு நேரம்?”

“எனக்கென்ன தெரியும்? ஒரு நாள் முழுக்க எண்டு சொல்லுவினம்.”

“ஒரு நாள். அது போதும்” என்றார்.

அன்று சுவருக்கு அந்தப் பக்கம் நான் கேட்டது இதுதான்: “அம்மா, கொம்பனி என்னை அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பிப்போட்டுது. ஓம், நேற்றுத்தான் வந்தனான். சரியான தூரம் அம்மா. ஒரு பகலும் ஒரு இரவும் பிளேனிலை இருந்தனான்.”

அம்மாவின் குரல் சுவரைத் தாண்டி வந்தது.

“ஐயோ ராசா. அவ்வளவு தூரமோ? கால் வீங்கேல்லையோ?”

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் தாயோடு ஒரு முழு அட்டையும் முடியும்வரை கதைத்தது அன்றுதான்.

தமக்கை போன் எடுத்துப் பேசித் தள்ளினார். பெற்ற தாயை ஏமாற்றுகிறாயே என்றார். அடுத்த கிழமை அவரே திரும்ப எடுத்து, அம்மா கோப்பை மூடி வைக்கவில்லை என்றார். சாமிப் படத்துக்கு முன்னால் நின்று, தூர தேசத்தில் இருக்கிற பிள்ளையைப் பார் என்று கும்பிடுகிறாராம். முந்தி மகனின் கதை வந்தாலே முகத்தைத் திருப்புபவர், இப்போது வருகிற போகிறவர்களுக்கெல்லாம் சொல்லுகிறாராம். “நீ செய்ததைச் செய்துபோட்டாய். இனிக் குழப்பாதை” என்று முடித்தார்.

லோறென்ஸ்கூக் அக்காவுக்கும் சொல்லிவைக்கவேண்டியிருந்தது.

“கோயிலிலை வைச்சுப் பொய் சொல்லச் சொல்லுறியளோ?” என்று அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“வெளி வாசலிலை வைச்சுச் சொல்லுங்கோ” என்றார் இவர்.

பொய் ஒன்றைச் சொல்வது சுலபம், அதில் குடியிருப்பது வேறு. நாங்கள் வேலை முடிந்து வரும் நேரம் அவுஸ்திரேலியாவில் இரவு. இவர் தொலைபேசி எடுக்குமுன் ஜன்னல் சீலையை இழுத்து மூடுவார். வெளியே பனியில் வெயில் பட்டுக் கண் கூசும். உள்ளே அரை இருட்டில் இருந்துகொண்டு, “ஓம் அம்மா, இஞ்சை இருட்டீட்டுது” என்பார். குழாய்த் தண்ணீர் உறையும் குளிரில் மூன்று காலுறை போட்டுக்கொண்டு, “சரியான வெக்கை அம்மா, பெனியனோடை இருக்கிறன்” என்பார். கங்காருவைக் கண்டாயா என்று அம்மா கேட்டார். இவர் யோசிக்காமல், “வீட்டுக்குப் பின்னாலை வரும். போன கிழமை பயித்தங்கொடியைத் திண்டுபோட்டுது” என்றார். அது கோயில் முழுக்கப் பரவி, லோறென்ஸ்கூக் அக்கா மூலமாக ஒஸ்லோவுக்கே திரும்பி வந்தது. சனம் அவரைக் கண்டால் இப்போது, “கங்காரு எப்பிடி அண்ணை?” என்று கேட்டது. இரண்டு மணித்தியாலம் என்று ஒருவரும் கூப்பிடவில்லை. அவரும் அந்த வார்த்தையைச் சொல்வதை விட்டிருந்தார். அடுத்த தை மாதம் சினை வந்தது. கடையில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வாங்காமல் வந்தார். அவுஸ்திரேலியாவிலிருந்து அனுப்பினால் உருகிவிடும்.

நான் இடையில் பேர்கனுக்குப் போனேன். திரும்பி வந்து அவரோடு இருந்தேன். அப்போதுதான் அவருக்குக் குடியுரிமை கிடைத்தது. சிவப்புப் பாஸ்போட். அதற்கு லண்டன் போக விசா தேவையில்லை. அதை அவர் மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் அவர் குதிப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

“இனி உண்மையைச் சொல்லலாம்தானே அண்ணை?”

“என்னெண்டு சொல்லுறது? இவ்வளவு காலமும் ரெண்டு மணித்தியாலத்திலைதான் இருந்தனான் எண்டோ?”

பாஸ்போட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

அவருக்கு ஒரு சனி ஞாயிறுதான் லீவு கிடைத்தது. ஒஸ்லோ எனக்கு அலுத்திருந்ததால் நானும் மூட்டை கட்டிக்கொண்டு அதே விமானத்தில் ஏறினேன். லண்டனில் வேலை தேடலாம் என்ற நினைப்பு. துப்புரவு செய்த எங்கள் ஆட்கள் இறங்கும்போது அவரைக் கண்டு கை தட்டினார்கள். அவர் ஜன்னலோரம் இருந்தார். வெளியே பார்க்கவில்லை. அம்மாவுக்கு வாங்கிய சொக்கலேற் பெட்டிகளிலிருந்து நோர்வே விலை ஒட்டுகளை நகத்தால் சுரண்டிக்கொண்டு வந்தார். அவுஸ்திரேலியச் சாமான் ஒன்று தேடி விமான நிலையம் முழுக்க அலைந்திருக்கிறார். வைன் போத்தல்தான் கிடைத்ததாம். சுரண்டி முடியுமுன் லண்டன் வந்துவிட்டது. எழும்பும்போது எங்கள் வரிசைக் குப்பையைப் பொறுக்கி, மூன்று பட்டிகளையும் குறுக்காக மடித்து வைத்தார்.

கதவைத் திறந்த அம்மா மகனின் முகத்தைத் தடவினார். தோளைத் தடவினார். பிறகு குனிந்து கால்களைப் பார்த்தார்.

“வீக்கம் இல்லை” என்றார் தமக்கையிடம். “ஆனால் முகம் வாடிப்போச்சு. ஒரு நாள் முழுக்க இருந்த பிள்ளை எல்லே.”

சோறு தயாராக இருந்தது. பக்கத்தில் இருந்து ஊட்டாத குறையாகச் சாப்பிடவைத்தார். ஞாயிறு பின்னேரம் திரும்பவேண்டும் என்று இவர் சொன்னபோது, “இவ்வளவு தூரம் வந்து ரெண்டு நாளோ?” என்று ஒருமுறை கேட்டார். கொம்பனி வேலை என்றதும் தலையாட்டினார். தூரம் என்றால் அவருக்கு எல்லாம் விளங்கியது. இவர் கை கழுவி வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரப் போனார். அம்மா விடவில்லை.

“போய்ப் படு மோனை.”

“எனக்கு நித்திரை வரேல்லை அம்மா. உங்களோடை கதைக்கவேணும்.”

“விசர்க்கதை கதையாதை. கோயிலிலை சொன்னவை, அங்கையிருந்து வாறாக்களுக்கு ராப் பகல் மாறி நிக்குமாம். படுக்காட்டி வருத்தம் வருமாம். முதல் படு. பிறகு கதைப்பம்.”

கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்த் தன் கட்டிலில் படுக்கவைத்து, போர்வையை இழுத்துவிட்டு, ஜன்னல் சீலையையும் மூடிவிட்டு வந்தார். பிறகு ஒரு கதிரையைத் தூக்கி வந்து அறைக் கதவடியில் போட்டு உட்கார்ந்தார். தமக்கையின் பிள்ளைகள் தொலைக்காட்சியைப் போட்டபோது எழும்பிப்போய் நிறுத்தினார். தொலைபேசி அடித்தபோது தமக்கையை முறைத்தார். என்னோடு கண்ணாலும் கையாலும்தான் கதைத்தார்.

பின்னேரம் அவர் எழும்பி வந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்து, கண் சிவந்திருக்கிறது, நித்திரை போதவில்லை என்று திரும்ப அனுப்பினார். தமக்கை குசினியில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். “சொல்லிப்போடட்டோ அக்கா?” என்று இவர் தாழ்ந்த குரலில் கேட்டது எனக்குக் கேட்டது. “சொன்னால் அவ அந்த ஒவ்வொரு ஞாயிறையும் திரும்ப எண்ணுவா. பேசாமல் போய்ப் படு” என்றார் தமக்கை.

ஞாயிறு காலமையும் அப்படித்தான். சாப்பிட்டார். கொஞ்ச நேரம் அம்மா அவருடைய தலையைத் தடவினார், கங்காருவைப் பற்றிக் கேட்டார். பிறகு இன்றைக்குத் திரும்ப ஒரு நாள் முழுக்கப் பறக்கவேண்டிய பிள்ளை, கொஞ்சம் படுத்தால்தான் தாங்கும் என்றார். கதவைச் சாத்தினார். கதிரை பழைய இடத்துக்கு வந்தது.

எனக்கு வேலை விசயமாக ஒருவரைப் பார்க்கப் போகவேண்டியிருந்தது. என் பை அந்த அறையில் கிடந்தது. அம்மாவிடம் சைகையால் அனுமதி கேட்டு, சத்தமில்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அவர் கழுத்துவரை போர்த்திக்கொண்டு கிடந்தார். கண் திறந்திருந்தது. முகம் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. கதவுக்குக் கீழே இருந்த இடைவெளியால் வெளிச்சம் வந்தது. அதில் கதிரைக் கால்களுக்கு நடுவே அம்மாவின் பாதங்கள் தெரிந்தன.

“எழும்புங்கோ அண்ணை. போய்ப் பக்கத்திலை இருங்கோ. இன்னும் கொஞ்ச நேரம்தானே இருக்கு” என்று மெதுவாகச் சொன்னேன்.

“எழும்பினால், நித்திரை குழம்பீட்டுது எண்டு கவலைப்படுவா” என்றார். “காலைப் பார் தம்பி. காலுறை கிழிஞ்சிருக்கு. நான் வாங்கி அனுப்பியிருக்கலாம்.”

பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

நான் பையோடு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அம்மா என் கையைப் பிடித்துக் குனியவைத்தார்.

“நித்திரையோ?”

“ஓம் அம்மா. நல்ல நித்திரை.”

அவருடைய முகத்தில் ஒரு நிறைவு வந்தது. கதிரையை இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்த்தி, முதுகு கதவில் படும்படி சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.